மணி ஒலிக்கிறது, கை எங்கே?

என் தாயாருக்கு எழுபத்தெட்டாம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தார். கொங்குப் பகுதி நகரமொன்றில், இங்கே பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அது நன்றாகவே நடந்தது. மருத்துவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன்பின் பதினொரு நாட்கள் அவர் கிடந்த வார்டைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அதை அவர்கள் பெருமையுடன் 'ஸ்மார்ட் வார்டு' என்று அழைத்தார்கள். அம்மாவின் மார்பில் ஓர் ஒட்டுப்பட்டை. அது நாடித்துடிப்பையும் மூச்சையும் கம்பியில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தது. விரலில் ஒரு கவ்வி. அது இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைச் சொன்னது. மருந்து ஏற்றும் பம்பும் அதே வலைப்பின்னலில் இணைந்திருந்தது. எல்லா எண்களும் செவிலியின் கையிலிருந்த டேப்லெட்டுக்கும், தாழ்வாரக் கோடியில் மாட்டியிருந்த பெரிய திரைக்கும் போய்ச் சேர்ந்தன. எழுந்திருக்க இயலாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியர் கல்வியின் அரிச்சுவடி. அதையும் டேப்லெட் நினைவூட்டியது. மணி ஒலிக்கும், படுக்கை எண் மின்னும். பக்கம் மாற்றிய பிறகு செவிலி 'முடிந்தது' என்ற கட்டத்தைத் தொட வேண்டும். பத்து நிமிடத்துக்குள் தொடாவிட்டால் தகவல் மேற்பார்வையாளருக்குப் போய்விடும். இத்தனை கண்காணிப்பு இருக்கையில் இரவில் துணைக்கு ஆள் எதற்கு என்று சொல்லி, உடன் இருப்பவர்களை எட்டு மணிக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஆறாம் நாள் காலை விரிப்பை மாற்றும்போது, அம்மாவின் முதுகுத்தண்டு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்திருப்பதைக் கண்டோம். நடுவில் தோல் உரிந்து சதை தெரிந்தது. படுக்கைப் புண். இரவுப் பணி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த செவிலியைக் கேட்டேன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். அவர் மறைக்கவில்லை.

"சார், பாட்டிக்கு இடுப்புல ஆபரேஷன். ஒருத்தியா திருப்பக் கூடாது, ரெண்டு பேர் வேணும். ராத்திரி பதினாலு பெட்டுக்கு நான் ஒருத்திதான் சார். மணி அடிச்சா அமுக்கித்தானே ஆகணும்?"

நான் நிர்வாகத்துக்குப் புகார் எழுதினேன். இரவில் பதினான்கு நோயாளிகளுக்கு ஒருவர் என்பது எந்த நியாயம் என்றுதான் அதில் கேட்டிருந்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. அத்துடன் அச்சிட்ட பட்டியல் ஒன்றும் இணைத்திருந்தார்கள். நாளுக்குப் பன்னிரண்டாக ஐந்து நாட்களின் நினைவூட்டல்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முடிந்தது'. கருவிகள் பிழையின்றி இயங்கியுள்ளன, ஊழியர் பொய்ப்பதிவு செய்துள்ளார், அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று முடிந்தது அக்கடிதம். நிர்வாகத்தை நோக்கி நான் எறிந்த கல் அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது.

அந்தப் பட்டியலைப் பல நாட்கள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவைத் திருப்ப வேண்டும் என்பது அந்த வார்டில் யாருக்குத் தெரியாமல் இருந்தது? செவிலிக்குத் தெரியும். மேற்பார்வையாளருக்குத் தெரியும். சர்வருக்கும் தெரியும். திருப்புவதற்குத்தான் ஆள் இல்லை. இக்கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்: நம் மருத்துவமனைகளில் நோயாளிப் பராமரிப்பு கைகளின் பஞ்சத்தால் நலிந்து கிடக்கிறது. அதற்கு மருந்தாகத் தகவலை விற்கிறார்கள்.

*

மென்பொருள் துறையில் இருபதாண்டுகளைக் கழித்த நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "உங்கள் வாதம் பழைய கருவிக்கு எதிரானது. அடுத்த தலைமுறை மெத்தையில் அழுத்த உணரிகள் இருக்கும். நோயாளியை நிஜமாகவே திருப்பினார்களா என்று அதுவே கண்டுபிடிக்கும். பொய்ப்பதிவு செய்ய முடியாது" என்றார்.

அப்படியே ஆகட்டும். அந்த மெத்தையை அந்த இரவில் போட்டுப் பார்ப்போம். மணி ஒலிக்கும். ஒற்றைச் செவிலி வர மாட்டார், வந்தாலும் தனியாகத் திருப்ப முடியாது. 'திருப்பவில்லை' என்று மெத்தை உண்மையைப் பதிவு செய்யும். விடியும்போது நம்மிடம் அதே புண்ணும், அதைப் பற்றிய துல்லியமான ஆவணமும் இருக்கும். நண்பரின் முன்னேற்றம் இவ்வளவே.

கருவிகளின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் கருவிகளில் இரண்டு இனம் உண்டு என்பதைப் பிரித்தறியாமல் இந்த விவாதத்தை நடத்த முடியாது. ஒன்று உழைக்கும் கருவி. மற்றது ஒப்பிக்கும் கருவி. அறைகள் மாறி மாறி ஊதிச் சுருங்கி உடலின் அழுத்தத்தை இடம் மாற்றும் காற்று மெத்தை உழைக்கும் கருவி. நோயாளியைத் தூக்கி நாற்காலியில் அமர்த்தும் தூக்கி உழைக்கும் கருவி. மணிக்கு இத்தனை மில்லி என்று பிசகாமல் மருந்து ஏற்றும் பம்பும் அப்படியே. இவை செவிலியின் முதுகெலும்பையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகின்றன. ஒப்பிக்கும் கருவி ஒரு நிலையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. சொன்னதைக் கேட்டு ஓடிவர ஒருவர் வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஒப்பிக்கும் கருவியும் செவிலிக்கு ஒரு புதிய வேலையைக் கொடுக்கிறது. அது வேலையைக் குறைக்கும் என்ற விளம்பரம் தலைகீழ்த் தர்க்கம். அம்மாவின் வார்டில் ஒப்பிக்கும் கருவிகள் படுக்கைக்கு மூன்று இருந்தன. காற்று மெத்தை வார்டு முழுவதற்கும் இரண்டு. இரண்டும் வேறு படுக்கைகளில் இருந்தன.

*

அந்தப் புதிய வேலை எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2013-ஆம் ஆண்டு 31 நாட்கள் ஓர் ஆய்வு நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் 77 படுக்கைகள், 461 நோயாளிகள். அந்த ஒரு மாதத்தில் கண்காணிப்புக் கருவிகள் எழுப்பிய எச்சரிக்கைகள் 25,58,760. இவற்றில் காதில் விழும்படி ஒலித்தவை மட்டும் 3,81,560. படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 187 முறை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதாவது ஒவ்வொரு படுக்கையிலும் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மணி. இதயத் துடிப்பு பிறழ்ந்துவிட்டதாக ஒலித்த 12,671 எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது 88.8 விழுக்காடு பொய் என்று தெரிந்தது. 2014-இல் இது வெளியாயிற்று. உலகின் வசதி மிக்க மருத்துவமனைகளுள் ஒன்றில் நடந்தது இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பத்தில் ஒன்பது முறை பொய் சொல்பவனை யாரும் நம்ப மாட்டார்கள். புலி வருகிறது என்று கத்திய சிறுவன் கதை நமக்குத் தெரியும். இங்கே கத்துவது இயந்திரம். காது மரத்துப்போவது செவிலிக்கு. இரையாவது நோயாளி. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை எச்சரிக்கை மணிகளோடு தொடர்புடைய 98 விபத்துகள் அதன் கவனத்துக்கு வந்திருந்தன. 80 பேர் இறந்திருந்தார்கள். மணி ஓயாமல் ஒலித்ததால் அதை அணைத்து வைத்தது, ஒலியைக் குறைத்தது, எல்லைகளைப் பொருத்தமின்றி மாற்றியது, கேட்டும் எழாதது ஆகியவை காரணங்களாகக் காட்டப்பட்டன.

இதைச் செவிலியரின் அலட்சியம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பொய் மணிகள் ஏன் இத்தனை? ஒரு மணி விடுபட்டு நோயாளி இறந்தால் கருவி செய்த நிறுவனம் வழக்குமன்றம் ஏற வேண்டும். நூறு மணி வீணாக ஒலித்தால் அதற்காக அதை யாரும் வழக்குமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை. எனவே எல்லையை இறுக்கமாக வைத்துவிடுவது நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. நோயாளி இருமினால், புரண்டால், ஒட்டுப்பட்டை வியர்வையில் நழுவினால் மணி. கருவியின் பொறுப்பு மணியோடு தீர்ந்துவிடுகிறது. அதன்பின் பொறுப்பு முழுவதும் செவிலியின் தலையில். அம்மாவின் வார்டில் நிர்வாகம் எனக்கு அனுப்பிய பட்டியலும் இந்தத் தர்க்கத்தின் நீட்சியே. ஒலித்துவிட்டோம், எனவே நாங்கள் குற்றமற்றவர்கள்.

*

இன்னொன்று, எண்ணைப் பற்றியது. திரையில் எண் பச்சையாக இருந்தால் நோயாளி நலமாக இருக்கிறார் என்று நம் மனம் எளிதில் நம்பிவிடுகிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அஒயாகி கண்ட அற்புதமான கோட்பாடு அது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைக் கொண்டு ஆக்ஸிஜன் ஏறிய இரத்தத்தின் விகிதத்தைக் கணிக்கிறது. கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள்ளும் அது நுழைந்தது. எத்தனையோ உயிர்களைக் காத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் ஒளி விரலுக்குள் போகும் வழியில் தோலின் நிறமி குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2020 டிசம்பரில் வெளியானது. ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது இரத்தத்தை நேரடியாகச் சோதித்துப் பார்த்தால், உண்மையில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த நிலை கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காட்டிலும் வெள்ளையரில் 3.6 விழுக்காட்டிலும் காணப்பட்டது. ஏறத்தாழ மூன்று மடங்கு. 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு மருந்துக் கழகம் இதுபற்றி எச்சரித்தது. அந்த ஆய்வு நம்மவர்களைக் கொண்டு நடந்ததன்று. ஆனால் நிறமி நமக்கும் உண்டு. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடையில் வாழும் ஒரு சமூகம் வேறொரு தோலை மனதில் வைத்துச் செய்த எண்ணை எந்தக் கேள்வியுமின்றி வணங்குவதில் ஒரு முரண்நகை இருக்கிறது.

படுக்கைப் புண்ணிலும் இதே கதைதான். அதன் தொடக்க அடையாளம், அழுத்தினாலும் வெளிறாத சிவப்பு என்று பாடநூல்கள் சொல்லும். என் தாயாரின் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியும்? அங்கே கண் போதாது. புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கல் போல் இறுகியிருக்கிறதா, தொட்டால் நோயாளி முகம் சுளிக்கிறாரா என்று. எந்தத் திரைக்கும் போய்ச் சேராத தகவல் அது. அதைத் திரட்டுவதற்கு ஒரு கையும் இரண்டு நிமிடமும் வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் பதினான்கு படுக்கைகளும் டேப்லெட்டும் தின்றுவிட்டிருந்தன.

*

கைகள் உயிர் காக்கின்றன என்பது உணர்ச்சிப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கும் கணக்கு உண்டு. லிண்டா எய்க்கனும் அவருடைய சகாக்களும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 4,22,730 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும்போது, முப்பது நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்கிறது என்று கண்டார்கள். எய்க்கன் குழுவினர் 2002-இல் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனைகளில் கண்ட எண்ணும் அதுவே. கலிபோர்னியா 1999-இலேயே சட்டம் இயற்றி, 2004 முதல் செவிலியர் விகிதத்தைக் கட்டாயமாக்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நோயாளிக்கு ஒருவர் என்பது அங்கே சட்டம்.

நம்மிடம் நெறிமுறைகளுக்குப் பஞ்சமில்லை. பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்று இந்திய செவிலியர் குழுமம் வகுத்திருக்கிறது. ஐந்து எங்கே, பதினான்கு எங்கே! தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் குழு அமைக்கப் பணித்தது. ஐம்பது படுக்கைக்கும் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, இருநூறு படுக்கைக்கு மேற்பட்டால் அந்தந்த மாநில அரசுச் செவிலியரின் ஊதியத்துக்கு இணையாக இருக்க வேண்டும் என்று அக்குழு அதே ஆண்டு பரிந்துரைத்தது. பரிந்துரைதான். அதைக் கேட்டுப் போராடியவர்கள் தெருவில் நின்றார்கள்.

அரசும் இதில் தூய்மையானதன்று. தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தச் செவிலியராகச் சேர்ந்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

இந்தப் பின்புலத்தில் வைத்துப் பார்த்தால்தான் 'ஸ்மார்ட் வார்டு' என்பதன் பொருள் விளங்கும். கருவி ஒருமுறை வாங்கும் சொத்து; தேய்மானம் எழுதலாம், வரவேற்பறையில் விளம்பரப் பலகை வைக்கலாம், நோயாளியின் ரசீதில் 'கண்காணிப்புக் கட்டணம்' என்று ஒரு வரி சேர்க்கலாம். எங்கள் ரசீதிலும் அந்த வரி இருந்தது. செவிலியோ மாதா மாதம் செலவு. விடுப்பு கேட்பார், மகப்பேறு விடுப்பு கேட்பார், ஊதிய உயர்வு கேட்பார். ஒரு டேப்லெட்டைக் கொடுத்தால் ஒருவரே பதினான்கு பேரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொல்லும்போது, 'பார்த்துக்கொள்ளல்' என்ற தமிழ்ச் சொல்லில் உள்ள இரண்டாம் பாதி காணாமற் போகிறது. பார்க்கலாம். கொள்வதற்கு ஆள் இல்லை.

*

இணைப்பே ஒரு பலவீனமும் ஆகும். மருந்து ஏற்றும் பம்ப் ஒன்றை மருத்துவமனையின் வலைப்பின்னல் வழியாக அத்துமீறி அணுகி மருந்தின் அளவையே மாற்ற முடியும் என்பது தெரியவந்து, ஹாஸ்பிரா நிறுவனத்தின் சிம்பிக் வகைப் பம்புகளைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு 2015 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்துக் கழகம் மருத்துவமனைகளை அறிவுறுத்தியது. நோயாளி எவருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் பம்ப் வலையில் இணைந்திருப்பதன் விலை என்ன என்பதை அது காட்டிற்று. 2022 நவம்பர் 23 அன்று தில்லியின் எய்ம்ஸ் மருத்துவமனைக் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கின. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பதிவுச் சீட்டும் ஆய்வக முடிவும் கையால் எழுதப்பட்டன. அந்நாட்களில் நாட்டின் தலையாய மருத்துவமனையைத் தாங்கி நின்றவை காகிதமும் பேனாவும் மனிதக் கைகளும். கருவியை நம்பி அந்தக் கைகளைக் குறைத்துவிட்ட மருத்துவமனையில் அதே தாக்குதல் நடந்தால் யார் தாங்குவார்கள்?

*

இதையெல்லாம் சொன்னால் பழமைவாதி என்ற முத்திரை தயாராக இருக்கிறது. ஏற்பதற்கில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தமானியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். அதை நான் மனமாரப் பாராட்டுவேன். அங்கே கருவி ஒரு மனிதரை இன்னொரு மனிதரின் திண்ணைக்குக் கொண்டுவருகிறது. அம்மாவின் வார்டில் அது மனிதரைத் தாழ்வாரக் கோடிக்குக் கொண்டுபோனது. ஒரு கருவியை மதிப்பிட எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்: அது வந்த பிறகு செவிலி நோயாளிக்கு அருகில் வந்தாரா, விலகினாரா?

நம் மரபு இதை அறிந்தே பெயரிட்டிருக்கிறது. மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை எண்ணுகிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து செயற்படுபவன் என்பதே பணியின் பெயர். சரக சம்ஹிதையும் இதே நால்வரை எண்ணி, பணிவிடை செய்பவருக்கு நான்கு பண்புகளை விதிக்கிறது: பணியறிவு, கைத்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை. இன்று நாம் வழங்கும் செவிலி என்ற சொல்லும் சங்க அகமரபிலிருந்து வந்தது. வளர்த்த மகள் காதலனோடு போய்விட்டால் பாலை வழியே தேடிக்கொண்டு போகிறவள் அந்தச் செவிலித்தாய். அறைக்கோடியில் அமர்ந்து திரையைப் பார்ப்பவருக்கு நம் மொழியில் வேறு பெயர் உண்டு. காவலர் என்போம்.

எண்களின் மீதும் எனக்குப் பகை இல்லை. நவீன செவிலியர் பணியின் தாய் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எண்களின் காதலி. 1854-இல் கிரிமியப் போர்க்காலத்தில் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்றவர், திரும்பி வந்து மரணக் கணக்குகளை வண்ண வரைபடமாக்கிப் பிரிட்டிஷ் அரசின் முன் வைத்தார். காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தவர்கள் பன்மடங்கு என்று காட்டினார். அவருடைய எண்கள் நிர்வாகத்தின் கண்ணைப் பார்த்துப் பேசின. நம்முடைய ஸ்மார்ட் வார்டின் எண்கள் கீழ்நோக்கி மட்டுமே பேசுகின்றன. இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் விரல் எத்தனை மணிக்குக் கட்டத்தைத் தொட்டது என்று. அதே சர்வரில் இன்னொரு கணக்கும் கிடக்கிறது. எந்த இரவில், எத்தனை படுக்கைக்கு, எத்தனை செவிலியர். எத்தனை மணிகள் ஒரே நேரத்தில் ஒலித்தன. எத்தனைக்கு எவரும் வர இயலவில்லை. அதை அச்சிட்டு எனக்கு ஏன் அனுப்பவில்லை?

ஆகவே என் கோரிக்கைகள் கருவிகளைத் தூக்கி எறியுங்கள் என்பதல்ல. ஒவ்வொரு வார்டின் வாசலிலும் அந்தப் பணி நேரத்தில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர் என்று எழுதி வையுங்கள். எந்தக் கருவியையும் காட்டிச் செவிலியர் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடாது என்று சட்டம் செய்யுங்கள். கருவி வாங்கும் குழுவில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர் இருவரை அமர்த்துங்கள்; ஒப்பிக்கும் கருவி ஒன்று வாங்கும்முன் உழைக்கும் கருவி எத்தனை இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். விகிதத்தை மீறிய வார்டில் கருவியின் பதிவைச் செவிலிக்கு எதிரான சாட்சியமாக ஏற்காதீர்கள். இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

இரண்டாவதாக நான் ஒரு கடிதம் எழுதினேன். என் புகார் அந்தச் செவிலியின் மீதன்று, அவரை மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும் என்று. அதற்கு இன்றுவரை பதில் இல்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றும் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவின் புண் ஆற மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டுக்கு வந்து கட்டு மாற்றியவர் அரசு மருத்துவமனையில் ஓய்வு பெற்ற ஒரு செவிலி. பையில் பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, ஒரு டார்ச் விளக்கு. முதல் நாள் வந்ததும் அம்மாவின் இரண்டு குதிகால்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு படுக்கை விரிப்பின் ஒரு விளிம்பைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, மறு விளிம்பைத் தான் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பக்கம் நீங்க பிடிங்க தம்பி. மூணு சொன்னதும் சேர்ந்து இழுக்கணும், அம்மாவுக்கு வலிக்காது" என்றார்.

வலிக்கவில்லை.